இரண்டேகால் லிட்டர்

ஊத்தினேனா இல்லையா என்கிற கேள்வி வந்தபோது மணி பதினொன்றாகப் பத்து நிமிஷம் இருந்தது. நாச்சிமுத்து மல்லாந்து படுத்திருந்தார். நெஞ்சுக்கு ஒரு முழம் மேலே வாடகை டாக்சி ஒன்றின் அடிவயிறு. இறக்கி வைத்த கியர்பாக்ஸ் இடது கைப்பக்கம் மரக்கட்டையில் சாய்ந்து கிடந்தது. புது கிளச் பிளேட்டை நடுவாக நிறுத்தி, சுற்றிலும் ஆறு போல்ட்டையும் விரலால் ஏற்றி, ஸ்பேனரை எடுக்கக் கையை நீட்டினார். அப்போது அந்தக் கியர்பாக்ஸின் வாயிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் மணிக்கட்டில் விழுந்தது. கறுப்பும் பச்சையுமாக, கந்தக நாற்றத்தோடு, முழங்கையை நோக்கி மெதுவாக இறங்கியது. அவர் அதைத் துடைக்கவில்லை. டீச்சர் வண்டி, என்று நினைத்தார். தமயந்தி டீச்சரின் வெள்ளைக் காரில் கியர்பாக்ஸின் பழைய எண்ணெயை வடித்தேன், சட்டியில் விழுந்ததைப் பார்த்தேன், அடி பிளக்கைத் துடைத்தேன், புது செப்பு வாஷர் போட்டேன், முறுக்கினேன், அந்த முறுக்கு இன்னும் கையிலேயே இருக்கிறது, அப்புறம் புனலை எடுத்தேன், நிச்சயமாக எடுத்தேன், சிவப்புப் புனல், வாயில் ரப்பர் குழாய் மாட்டியது, அதை எடுத்த கையோடு போன் அடித்தது, வீட்டிலிருந்து ருக்குமணி, சாயந்திரம் அஞ்சரைக்கு டாக்டரிடம் டோக்கன் போட்டாச்சு என்றாள், எதுக்கு என்றேன், எதுக்குன்னு உங்களுக்கே தெரியும் என்றாள், எனக்கு ஒண்ணும் இல்லை, நான் வரலை என்று சொல்லி போனை வைத்தேன், வைத்தேனா, வைத்தேன், அப்புறம் ஜாக்கியை இறக்கினேன். புனலுக்கும் ஜாக்கிக்கும் நடுவில் என்ன? அங்கே ஒன்றும் இல்லை. சுவரில் ஓர் ஆணியும் அதற்கு மேல் வெள்ளையாக ஒரு சதுரமும் இருந்தால், இங்கே ஒரு படம் மாட்டியிருந்தது என்று தெரியும், என்ன படம் என்று தெரியாது. அந்த மாதிரி இருந்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் பழைய எண்ணெயை வடிப்பதிலிருந்து ஆரம்பித்தார். சட்டி, பிளக், வாஷர், முறுக்கு, புனல், போன், டோக்கன். ஜாக்கி. இன்னொரு தடவை. சட்டி, பிளக், வாஷர். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் பல் உடைந்த சக்கரம் போல ஒரு துள்ளு துள்ளி அடுத்த பல்லுக்குப் போனது. டீச்சர் வண்டி புறப்பட்டு இருபது நிமிஷம் ஆகிறது. போவது வால்பாறைக்கு. நாற்பது கொண்டை ஊசி வளைவு.

ஊத்தியிருப்பேன், என்று தனக்குள்ளேயே சமாதானம் சொல்லிக்கொண்டு ஸ்பேனரை எடுத்து முதல் போல்ட்டை முறுக்கினார். முப்பத்து மூன்று வருஷமாகக் கியர்பாக்ஸ் வேலை. பொள்ளாச்சியில் பாலக்காட்டு ரோட்டில் இறங்கி, கியர்பாக்ஸ்காரர் பட்டறை எது என்று கேட்டால் பேர் சொல்லாமலே கையைக் காட்டுவார்கள். கை செய்யும், தலை என்ன நினைத்தாலும் கை அதன் பாட்டுக்குச் செய்யும். சோறு சாப்பிடும்போது ஒவ்வொரு கவளமும் ஞாபகம் இருக்கிறதா என்ன? அது மாதிரிதான், ஊத்தியிருப்பேன். எதிர்ப்பக்கத்து போல்ட்டை முறுக்கினார். பிறகு மூன்றாவது. ஆனால் சோற்றை விட்டு எழுந்துபோனால் தட்டில் சோறு மிச்சம் இருக்கும், பார்த்தால் தெரியும். இங்கே எதைப் பார்ப்பது? தலையைத் திருப்பி காருக்கு அடியிலிருந்தே பார்த்தார். சுவரோரம் எண்ணெய் டப்பாக்கள் தெரிந்தன. காலியாக நான்கு, பாதியாக ஒன்று. காலி நான்கில் இன்றையது எது, நேற்றையது எது? நேற்று ஒரு மினி லாரி, முந்தாநாள் ஒரு ஜீப், எல்லாவற்றுக்கும் அதே டப்பா, அதே நீல மூடி. புனல் ஆணியில் தொங்கியது. அதன் வாயில் எண்ணெய் பளபளத்தது. எப்போதுதான் பளபளக்கவில்லை? கையை மூக்கில் வைத்து முகர்ந்தார். நாற்றம் இருந்தது, கல்யாணம் ஆன நாளிலிருந்து ருக்குமணி சொல்லும் நாற்றம், எந்தச் சோப்புக்கும் போகாதது, அது என்ன சாட்சி சொல்லும்? அப்போது ஒரு ஞாபகம் வந்தது. எண்ணெய் புனலில் தேன் மாதிரி மடிந்து மடிந்து இறங்குகிறது, ரப்பர் குழாய் மெல்ல நடுங்குகிறது, லெவல் துளையில் எண்ணெய் எட்டி ஒரு துளி வெளியே வழிகிறது, அந்த அளவு போதும் என்று புனலை உருவுகிறேன். இதோ, ஊத்தினேன், என்று ஒரு விநாடி உடம்பு முழுக்கத் தளர்ந்தது. அடுத்த விநாடியே, அந்தக் காட்சியில் வெயில் வலப்பக்கத்திலிருந்து விழுவதைக் கவனித்தார். வலப்பக்கத்து வெயில் சாயங்கால வெயில். அது நேற்று. அல்லது போன வாரம். முப்பத்து மூன்று வருஷமாக ஊற்றிய எண்ணெய் எல்லாம் ஒரே எண்ணெயாக ஒரே புனலில் இறங்கிக்கொண்டிருந்தது, அதில் இன்றைக்குக் காலையில் ஊற்றிய இரண்டேகால் லிட்டரை மட்டும் எப்படிப் பிரித்து எடுப்பது? டெஸ்ட் ஓட்டினேனே, பெட்ரோல் பங்க் வரைக்கும் போய்த் திரும்பினேனே, சத்தமே இல்லையே. சத்தம் எப்படி வரும்? வடித்த கியர்பாக்ஸ் பெட்டியிலும் பல்லில் ஒட்டிய எண்ணெய் இருக்கும், அது பத்துக் கிலோமீட்டருக்குத் தாங்கும், இருபதுக்கும் தாங்கும், சமவெளியில் ஒன்றும் தெரியாது. மலையில்தான் தெரியும்.

பதினைந்தடி தூரத்தில் தனபால் ஒரு ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பதினாறு வருஷமாகக் கூடவே வேலை செய்கிறவன், நாற்பது வயது, இரண்டு பெண் குழந்தைகளுக்கு அப்பன், தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான். அவனைக் கேட்டால் போதும். தனபால், காலையில நான் டீச்சர் வண்டிக்கு எண்ணெய் ஊத்தினதைப் பாத்தியா? அவ்வளவுதான், பத்து வார்த்தைகூட இல்லை. நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவன் காலையில் லேத்துப் பட்டறைக்கல்லவா போயிருந்தான், எப்போது திரும்பினான், நான் போன் பேசும்போது இருந்தானா, இல்லை, இருந்திருக்க மாட்டான், இல்லாதவனிடம் கேட்டு என்ன பயன்? அது உண்மையான காரணம் இல்லை என்று அவருக்கே தெரிந்தது. கேட்டால் அவன் நிமிர்ந்து பார்ப்பான். ஒன்றும் சொல்லாமல் பார்ப்பான். போன மாசம் ஒரு நாள் அண்ணா அந்த மவுண்ட் போல்ட்டு ஒருக்கா பாத்துருங்க என்று மெதுவாகச் சொன்னவனை, எனக்கே சொல்லித் தர்றியா என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்டுவிட்டார். அவன் முகம் சுருங்கவில்லை, அதுதான் இன்னும் மோசம், சரிங்ணா என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டான். அந்த முகத்திடம் போய் இப்போது எனக்கு ஞாபகம் இல்லைப்பா என்று சொல்வதா? சொன்னால் அது ஒரு வார்த்தையாக நிற்காது. டீக்கடைக்குப் போகும், ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் போகும், டாக்சி ஸ்டாண்டில் உட்காரும், கியர்பாக்ஸ்காரருக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புதாம். நான்காவது போல்ட்டை முறுக்கினார். முறுக்கினேனா? மறுபடியும் ஸ்பேனரை வைத்துப் பார்த்தார், இறுகியிருந்தது. மூன்றாவதையும் பார்த்தார். முதலாவதையும். ஒரு தடவை முறுக்கிய போல்ட்டை இரண்டாம் தடவை தொடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. அப்படித் தொடுகிற மெக்கானிக்குகளை அவர் சந்தேகப் பிராணிகள் என்று கேலி செய்வதுண்டு.

எண்ணெய் இல்லாமல் ஓடின பெட்டியை அவர் வாழ்நாளில் இரண்டு தடவை திறந்து பார்த்திருக்கிறார். மூடியைக் கழற்றியதும் தீய்ந்த பால் மாதிரி ஒரு வாடை அடிக்கும். பற்கள் நீலமாக, மயில் கழுத்து நிறத்தில் இருக்கும், பார்க்க அழகாகக்கூட இருக்கும். பேரிங் குண்டுகள் தட்டையாகி, ஷாஃப்ட்டோடு ஒட்டி, சுத்தியலால் அடித்தாலும் அசையாது. அது அப்படி ஒட்டிக்கொள்கிற கணம் எங்கே வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆழியாறு தாண்டியா, ஏழாவது வளைவிலா, இரண்டாவது கியரில் இஞ்சின் முக்கிக்கொண்டு ஏறும்போதா? ஏறும்போது ஒட்டினால் வண்டி நின்றுபோகும், பின்னால் வருகிற பஸ்காரன் பார்த்துக்கொள்வான். இறங்கும்போது ஒட்டினால் முன்சக்கரம் இரண்டும் சட்டென்று பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது, வளைவு ஒரு பக்கம் திரும்பும், வண்டி நேராகப் போகும். டீச்சர் இன்றைக்கே திரும்பி இறங்குவதாகத்தான் சொன்னார். மகள் இளவேனிலை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறார். பெண்ணுக்கு முதல் வேலை. மேலே மெத்தை கட்டியிருந்தது, பின் சீட்டில் வாளி, ஸ்டவ், ஒரு மூட்டை அரிசி. சாவியை வாங்கும்போது மகளிடம், நாச்சிமுத்து அண்ணன் கைப்பட்ட வண்டி, கண்ண மூடிட்டு மலை ஏறலாம் என்று டீச்சர் சொன்னார், இவர் சிரித்தார். சிரித்தது ஞாபகம் இருக்கிறது. எதற்கெடுத்தாலும் ஞாபகம் இருக்கிறது, அந்தப் பெண் போட்டிருந்த கைக்கடிகாரத்தின் பட்டை பச்சை என்பதுகூட. அந்த ஒரு நிமிஷம் மட்டும் இல்லை. இரண்டு வாரத்துக்கு முன்னால் சவரம் பண்ண உட்கார்ந்தவர், ஒரு கன்னத்தை முடித்துவிட்டு, மோட்டார் போட எழுந்துபோய், அப்படியே சட்டையை மாட்டிக்கொண்டு பட்டறைக்கு வந்துவிட்டார். ஒரு கன்னம் வழவழப்பாகவும் ஒரு கன்னம் வெள்ளை முள்ளாகவும் பதினொரு மணி வரைக்கும் வேலை செய்தார். டீ கொண்டுவந்த பெண் சிரித்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் சொன்னபோது ருக்குமணியும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரிப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். அந்தப் பார்வையிலிருந்துதான் இந்த டோக்கன் வந்திருக்கிறது. ஐம்பத்தேழு வயது ஒரு வயதா? சவரத்தை மறக்கலாம். சவரம் மலை ஏறாது.

மணி பதினொன்றே காலுக்குத்தான் அவர் காருக்கு அடியிலிருந்து நகர்ந்து வந்தார். இருபத்தைந்து நிமிஷம் படுத்தபடி தனக்குத்தானே வக்கீலாகவும் எதிர்வக்கீலாகவும் இருந்துவிட்டு எழுந்தபோது, அந்த நேரத்தின் கணக்கு நெஞ்சில் ஏறி உட்கார்ந்தது. நினைவு வந்த நிமிஷமே கூப்பிட்டிருந்தால் வண்டி ஆனைமலை பிரிவைக்கூடத் தாண்டியிருக்காது, ஓரமா நிறுத்துங்க டீச்சருங்க, நான் வர்றேன் என்று சொல்லியிருக்கலாம், கால் மணியில் முடிந்திருக்கும். பட்டறைக்குப் பின்னால் புளியமரத்தடிக்குப் போய் டீச்சர் நம்பரை அழுத்தினார். மணி அடிக்கவில்லை. நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்று ஒரு பெண் நிதானமாகச் சொன்னாள். மறுபடி அழுத்தினார். அவளே சொன்னாள், அதே நிதானம். மூன்றாம் தடவை அவள் ஆரம்பிப்பதற்குள் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, மூடி உடைக்காத எண்ணெய் டப்பா ஒன்று, பதினேழாம் நம்பர் ஸ்பேனர், புனல், ஒரு சாக்கு எல்லாவற்றையும் பையில் திணித்தார். தனபால் நிமிர்ந்தான். ஒரு ஆயில் சீல் வாங்க வேண்டியிருக்கு, போய்ட்டு வந்தர்றேன் என்றார் அவனைப் பார்க்காமல். சீல் வாங்குகிற கடை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருக்கிறது. அதற்கு எண்ணெய் டப்பா எதற்கு என்று அவன் கேட்கவில்லை. கேட்டிருக்கலாமே என்று பைக்கை உதைக்கும்போது ஆத்திரமாக வந்தது, கேட்காததற்கு நன்றியாகவும் இருந்தது.

ரோடு நேராகக் கிடந்தது. இரண்டு பக்கமும் தென்னை, தென்னை, தென்னை. ஒவ்வொரு மரத்துக்கும் இடையில் ஒரு துண்டு வெயில் வந்து கண்ணில் அடித்தது. பைக் எழுபதைத் தாண்டினால் ஹேண்டில் நடுங்கும். இன்று எண்பதில் போனார், நடுங்கட்டும். எதிரில் வருகிற ஒவ்வொரு வண்டியின் முகத்திலும் ஏதாவது சேதி இருக்கிறதா என்று பார்த்தார். மலையில் ஏதாவது ஆகியிருந்தால் இறங்கி வருகிறவர்கள் முகத்தில் தெரியும், வேடிக்கை பார்த்த முகம் தனியாகத் தெரியும். ஒரு பஸ் டிரைவர் கொட்டாவி விட்டபடி போனார். கொட்டாவி நல்லது. ஒரு ஜீப்பில் நான்கு பேர் வாய்மூடி உட்கார்ந்திருந்தார்கள், ஏன் பேசவில்லை? கோட்டூர் தாண்டும்போது சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. ருக்குமணியாக இருக்கும், டோக்கன். மறுபடியும் அதிர்ந்தது. டீச்சராக இருந்தால்? ஓரம் கட்டி எடுத்துப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகும், ஒரு நிமிஷம் என்றால் ஒரு வளைவு, வேண்டாம். ஊத்தினேனா என்ற கேள்வி இப்போது அவரோடு பைக்கின் பின் சீட்டில் உட்கார்ந்து வருகிற மாதிரி இருந்தது. அது பேசுவதை நிறுத்திவிட்டது, வெறுமனே பாரமாக இருந்தது. ஆழியாறு செக்போஸ்ட்டில் நிறுத்தி, மேலே மெத்தை கட்டின வெள்ளைக் கார் போச்சுங்களா என்று கேட்டார். காவலர் தலையைச் சொறிந்து, ரெண்டு பொம்பளைங்க, அரை மணி நேரம் இருக்கும் என்றார். வண்டியில ஏதாச்சும் சத்தம் வந்துச்சுங்களா? காவலர் அவரை ஒரு தினுசாகப் பார்த்தார். எல்லா வண்டியிலும்தான் சத்தம் வருது என்றார்.

மலை ஏறத் தொடங்கியதும் காற்று மாறியது. அணைத் தண்ணீர் ஒரு வளைவில் கீழே தெரிந்தது, அடுத்த வளைவில் இன்னும் கீழே. தடுப்புச் சுவரில் எங்கெல்லாம் புதுச் சிராய்ப்பு இருக்கிறதோ அங்கெல்லாம் பைக்கை மெதுவாக்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். மூன்றாவது வளைவில் கண்ணாடித் தூள் கிடந்தது. பழைய தூள், மண் மூடியிருந்தது, அப்படித்தான் இருக்க வேண்டும். நான்காவதில் குரங்குகள். ஐந்தாவதில் தன் பைக்கின் கியரை இறக்கும்போது, அந்தச் சின்னப் பெட்டிக்குள் பற்கள் எண்ணெயில் முங்கி ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதைப் பாதத்தில் உணர்ந்தார். இத்தனை வருஷம் இல்லாத அக்கறையோடு உணர்ந்தார். உலோகத்தில் உலோகம் உரசாமல் நடுவில் ஒரு மயிரிழை கனத்துக்கு ஒரு படலம். அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் படலத்தை நம்பித்தான் மனிதர்கள் மெத்தை கட்டிக்கொண்டு மலை ஏறுகிறார்கள். நேரில் பார்த்தால் டீச்சரிடம் என்ன சொல்வது? இந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன், அப்படியே ஒரு தடவை பாத்துடலாம்னு. அதுதான் சரி. வாடிக்கையாளரைத் தேடி வந்து சோதிக்கிற மெக்கானிக், பேர்கூட வரும். எட்டாவது வளைவு வரைக்கும் அந்தப் பொய்யை வார்த்தை வார்த்தையாகத் தட்டிச் சீர் செய்துகொண்டே போனார். ஒன்பதாவது வளைவில் மலையோரம் வண்டிகள் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கிற இடம். அங்கே மெத்தை தெரிந்தது.

கார் முழுசாக இருந்தது. நான்கு சக்கரத்தில் நின்றது. டீச்சரும் மகளும் தடுப்புச் சுவரில் எலுமிச்சைச் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டு, எதிர்ப்பாறையில் நின்ற வரையாடு ஒன்றை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டிருந்தார்கள். நாச்சிமுத்து பைக்கை நிறுத்தி இறங்கினார். டீச்சர்தான் முதலில் பார்த்தார். கை கழுவாமலே எழுந்து வந்தார். என்னங்கண்ணா, நீங்க எங்க இங்க, வண்டியில ஏதாவது விட்டுப் போச்சா என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எட்டாவது வளைவு வரைக்கும் சீர் செய்த பொய் தொண்டையில் தயாராக நின்றது. அவர் வாயைத் திறந்தார். பச்சைப் பட்டைக் கடிகாரம் கட்டின அந்தப் பெண்ணும் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு இவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“டீச்சருங்க, பழைய எண்ணெய வடிச்சது ஞாபகம் இருக்குதுங்க. புது எண்ணெய் ஊத்தினேனான்னு எனக்கு ஞாபகம் இல்லைங்க.”

டீச்சரின் சிரிப்பு உடனே போய்விடவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவர் காரைப் பார்த்தார், கீழே அணையைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்தார். அந்த வரிசையை நாச்சிமுத்து இனி ஒருபோதும் மறக்கப்போவதில்லை. மறக்க முடிந்தால் நன்றாக இருக்கும். ஊத்தலைன்னா என்ன ஆகும் என்று அந்தப் பெண் கேட்டது. அவர் சொன்னார், மறைக்காமல் சொன்னார். டீச்சர் சாவியை எடுத்து அவரிடம் நீட்டியபோது, காலையில் சாவி வாங்கியபோது சொன்ன எதையும் சொல்லவில்லை. பாருங்க என்றார், அவ்வளவுதான். சமமான இடமாகப் பார்த்து வண்டியை நகர்த்தி, சக்கரத்தை முழுக்க ஒடித்து, சாக்கை விரித்து, தோளை உள்ளே நுழைத்துப் படுத்தார். கியர்பாக்ஸ் சுட்டது. ஏறின வண்டி சுடத்தான் செய்யும். சூடு கூடுதலா, சரியான சூடா, உள்ளங்கையை வைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை, இத்தனை வருஷத்தில் கைக்குத் தெரியாத சூடு என்று ஒன்று இருந்ததில்லை. லெவல் பிளக்கில் ஸ்பேனரைப் போட்டார். ஸ்பேனர் இரண்டு தடவை வழுக்கியது. பிளக் சுழன்றது, ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று. அதை உருவினார். ஒரு விநாடி ஒன்றுமில்லை, அந்தத் துளை அவரைக் கறுப்பாகப் பார்த்தது. பிறகு துளையின் உதட்டில் ஒரு சொட்டு திரண்டது, கனத்தது, தேன் நிறத்தில் நீண்டு அவர் கழுத்தில் விழுந்து சுட்டது. சுண்டு விரலை உள்ளே விட்டார். முதல் கணுவிலேயே எண்ணெய். புத்தம் புது எண்ணெய், துளை விளிம்பு வரைக்கும், ஒரு மயிரிழை கூடாமல் குறையாமல். இரண்டேகால் லிட்டர்.

உடனே அவர் வெளியே வரவில்லை. விரலை எடுக்காமல் படுத்திருந்தார். சந்தோஷம் வரும் என்று காத்திருந்தார். ஒரு பாரம் இறங்கியது உண்மை, இரண்டு உயிர் தப்பியது, தப்ப வேண்டியதே இல்லாமல் இருந்தது, எல்லாம் உண்மை. ஆனால் இறங்கின பாரத்துக்குக் கீழே இன்னொன்று உட்கார்ந்திருந்தது, இத்தனை நேரம் முதல் பாரம் அதை மறைத்துக்கொண்டிருந்தது. எண்ணெய் இருக்கிறது. யார் கையோ நிதானமாக, அளவாக, வழியாமல் ஊற்றியிருக்கிறது, நல்ல கை, தேர்ந்த கை. அந்தக் கையை அவருக்குத் தெரியவில்லை. எண்ணெய் தொட்ட இந்தக் கணத்திலும் அந்த நிமிஷம் திரும்பி வரவில்லை, சுவரில் ஆணியும் சதுரமும் அப்படியே இருந்தன. பிளக்கை மூடி முறுக்கினார். இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தார். வெளியே வந்து சாக்கை உதறும்போது டீச்சர் பக்கத்தில் நின்று, ஊத்தியிருந்தீங்களா என்று மெதுவாகக் கேட்டார். ஊத்தினேன் என்று சொல்ல வாய் போனது. அந்தச் சொல் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் செய்த காரியத்தைத் தடயத்தை வைத்துச் சொல்வது போலத்தான் சொல்ல முடிந்தது.

“ஊத்தியிருக்கேனுங்க.”

அவர்கள் புறப்பட்டுப் போனார்கள். டீச்சர் போகும்போது, வந்து சொன்னீங்களே, அது போதுங்கண்ணா என்றார். ஆனால் அடுத்த தடவை வண்டியை எங்கே விடுவார் என்று யாருக்குத் தெரியும், அதை அவர் கேட்கவில்லை, கேட்கிற உரிமையும் இல்லை. பத்தாவது வளைவில் மெத்தை மறைந்தது. வண்டியின் சத்தம் சுத்தமாக இருந்தது, இரண்டாவது கியர், கிளச் விட்ட விதம்கூட நன்றாக இருந்தது. அப்போதுதான் போனை எடுத்துப் பார்த்தார். ருக்குமணி இல்லை, டீச்சர் இல்லை. தனபால் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தான். சுவரில் சாய்ந்துகொண்டு அவனைக் கூப்பிட்டார். முதல் மணியிலேயே எடுத்தான். எங்க இருக்கீங்ணா, ஆழியாறா, மேலயா என்று கேட்டான். சீல் கடையா என்று கேட்கவில்லை.

“டப்பாவ எடுத்துட்டுப் போனதப் பாத்ததும் கொஞ்ச நேரம் புரியலைங்ணா. அப்பறந்தான் புரிஞ்சுது. டீச்சர் வண்டிக்கு எண்ணெய் ஊத்தினது நீங்கதான். போனை வெச்சுட்டு ஏதோ திட்டிக்கிட்டே ஊத்தினீங்க. நான் லேத்துலருந்து வந்து வாசல்ல நின்னு பாத்தேன். நீங்க டீ குடிக்கப் போனப்ப நான் ஒருக்கா விரல விட்டும் பாத்துட்டேன்.”

அப்படியானால் அந்த நிமிஷம் தொலைந்துபோகவில்லை. தனபாலிடம் இருந்திருக்கிறது, பதினைந்தடி தூரத்தில், ஸ்டார்ட்டர் மோட்டார் பக்கத்தில், காலையிலிருந்து பத்திரமாக. கேட்டிருந்தால் கொடுத்திருப்பான். பள்ளத்தாக்கிலிருந்து காற்று மேலே ஏறி வந்து சட்டையை உப்ப வைத்தது. விரல விட்டுப் பாத்தியா, எதுக்கு, என்றார். ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வளைவைச் சுற்றி, சத்தம் தேய்ந்து, போனது. எதுக்குப்பா, என்று மறுபடியும் கேட்டார், குரலில் அதட்டல் இல்லாமல்.

“ஆறு மாசமா எல்லா வண்டியும் பாக்கறேங்ணா. நீங்க முடிச்சப்பறம்.”

ஆறு மாசம். சவரத்துக்கு வெகு முன்னால். அவமானம் வரும் என்று எதிர்பார்த்தார். வந்தது, காது மடல் வரைக்கும் சூடாக ஏறியது. ஆனால் அது வந்த வழியிலேயே இறங்கியும் போனது. அதற்குப் பின்னால் வந்த கேள்வி அதைவிடப் பெரியது. சாயங்காலம் நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று ஒரு மனசு சொன்னது. இல்லை, இப்போதே, இந்த வளைவிலேயே, மலை இறங்குவதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். எத்தனை வண்டியில தப்பு இருந்துச்சு, என்றார். தனபால் தயங்கி, ரெண்டுங்ணா என்றான். எது எதுன்னு சொல்லு. ஒண்ணு வக்கீல் வண்டி, அடி பிளக்கு கை முறுக்குல நின்னுச்சு என்றான். அப்புறம் நிறுத்தினான். சொல்லு, என்றார்.

“ஸ்கூல் வேனுங்ணா. பெட்டியத் தாங்கற போல்ட்டு ரெண்டும் ஏத்தியிருந்துச்சு. முறுக்கல.”

அந்த வேன் தினமும் காலை எட்டே காலுக்குப் பட்டறை வாசலைத் தாண்டிப் போகிறது. ஜன்னல் கம்பிகளுக்குள் சின்னச் சின்னத் தலைகள், டிரைவர் ஹாரன் அடிப்பார், இவர் கையிலிருக்கிற ஸ்பேனரை உயர்த்திக் காட்டுவார். ஆறு மாசமாக, தன் கைதான் அதை ஓட்டுகிறது என்ற எண்ணத்தில் காட்டிக்கொண்டிருந்தார். நாச்சிமுத்து மெல்லச் சுவரில் உட்கார்ந்தார். எண்ணெய் படிந்த சுண்டு விரலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார். தனபாலும் போனை வைக்கவில்லை. ஏன் என்கிட்டச் சொல்லல என்று கேட்கத் தோன்றி, அந்தக் கேள்விக்குப் பதில் தனக்கே தெரியும் என்பதால் அதை விழுங்கிக்கொண்டார்.

“தனபால்,” என்றார் கடைசியில், “இனிமே நான் டீ குடிக்கப் போறதுக்குக் காத்திருக்காத. நான் நிக்கறப்பவே, என் கண்ணு முன்னாடியே பாரு.”